பசியா, ஏமாற்றமா, துப்பாக்கியா: புரட்சி எங்கே வெடிக்கிறது, எங்கே அடங்குகிறது?

2022 ஜூலை 9 அன்று கொழும்பில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தபோது, குமரி மாவட்டத்தில் டீக்கடைக்கு டீக்கடை அதுதான் பேச்சு. இலங்கை அதிபர் கோத்தபய நாட்டைவிட்டு ஓடியதும் பலர் சொன்ன விளக்கம் இது: "பட்டினி கெடந்தா சனங்க சும்மா இருப்பாங்களா?" கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் போட்டி விளக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதுதான் முதலில் தோற்கிறது.

1943 வங்கப் பஞ்சத்தில் செத்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். 1840-களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம். இரண்டு இடத்திலும் ஆட்சி கவிழவில்லை. அடுத்த வேளைக் கஞ்சிக்கு அலைகிறவனுக்கு ஊர்வலம் போகத் தெம்பு ஏது?

அடுத்த விளக்கம் ஏமாற்றம். வாழ்க்கை ஏறிக்கொண்டே வந்து, ஒருநாள் சட்டென்று சரிந்தால்தான் சனம் கொதிக்கும் என்பது. இலங்கைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. படிப்பிலும் மருத்துவத்திலும் தெற்காசியாவில் முன்னால் நின்ற நாடு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பெட்ரோல் வரிசையில் நின்றவர்களில் காரும் ஸ்கூட்டரும் வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களே ஏராளம். ஈரானும் அப்படித்தான்: 1973-74-ல் எண்ணெய் விலை நான்கு மடங்கானது, பணம் கொட்டியது, பிறகு செலவைச் சுருக்கினார்கள், 1979-ல் மன்னர் ஷா போனார். சரி, அதே எண்ணெய்ப் பணம் கொட்டிய சவூதி ஏன் கவிழவில்லை? இந்த விளக்கம் கோபம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறது. கோபப்பட்டவன் ஜெயிப்பானா என்று சொல்வதில்லை.

மூன்றாவது விளக்கம் துப்பாக்கி வைத்திருப்பவனைப் பார்க்கிறது. 1917-ல் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி பிப்ரவரி 26 அன்று, வோலின்ஸ்கி படைப்பிரிவின் பயிற்சிப் பிரிவு ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் நின்ற கூட்டத்தைச் சுட்டது. அன்று இரவு பாசறையில் சிப்பாய்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை, இனி சுடமாட்டோம் என்று நின்றார்கள். அவர்களின் கேப்டன் கொல்லப்பட்டார். மற்ற படைப்பிரிவுகளும் வரிசையாகச் சேர்ந்தன. சில நாட்களில் ரஷ்யப் பேரரசர் ஜார் முடி துறந்தார். 26-ஆம் தேதியைவிட 27-ஆம் தேதி ரொட்டி ஒன்றும் மலிந்துவிடவில்லை, பசியும் ஏமாற்றமும் அப்படியேதான் இருந்தன. மாறியது சிப்பாயின் மனசு மட்டும்.

2011-ஐ எடுத்துக்கொள்வோம். துனிசியாவில் அதிபர் பென் அலியைக் காப்பாற்ற ராணுவம் முன்வரவில்லை. ஜனவரி 14 அன்று அவர் விமானம் ஏறினார். பஹ்ரைனில் ஒரு மாதம் கழித்து முத்துச் சதுக்கத்தில் திரண்ட கூட்டம் சின்னதல்ல. நம் கடப்புறத்து ஆட்கள் மீன்பிடி வேலைக்குப் போகிற நாடு அது. அங்கே மக்களில் பெரும்பான்மை ஷியா, ஆளும் குடும்பமும் படையும் சுன்னி. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்த படை வேறு. மார்ச் 14-ல் சவூதிப் படையும் வந்து இறங்கியது. நான்கே நாளில் சதுக்கத்தின் நடுவே நின்ற முத்து நினைவுச் சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். சுடச் சொன்னால் சுடுகிற படை இருக்கும் வரை, தெருவில் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் அரியணை அசையாது.

யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்விக்கு இந்த மூன்றாவது விளக்கமே பலமானது என்பது என் கருத்து. ஆனால் நம் மாவட்டத்தின் கதையை எடுத்தால் இதுவும் போதவில்லை. இவ்வளவு கொடுமை பார்த்த மண்ணில் மக்கள் ஏன் அரசையே கவிழ்க்கக் கிளம்பவில்லை?

கிளம்பியவர் உண்டு. இந்த மண் அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அதன் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி 1809-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எழுந்தார். கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது, அத்தோடு முடிந்தது. அதன்பின் திருவிதாங்கூர் மன்னருக்குக் காவல் வெள்ளைக்காரன் துப்பாக்கி. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டு, 1858-59-ல் கலவரமாகி, வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தபோது, மிஷனரிகள் சென்னை ஆளுநர் வரைக்கும் முறையிட்டார்கள். ஆளுநர் ட்ரெவெலியன் நெருக்கினார். 1859 ஜூலை 26-ல் மன்னர் இறங்கிவந்து, நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தார், அதுவும் மேல்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அரை நீதிதான். ஆனாலும் மன்னரைக் காத்த அதே கைதான் மன்னரை வளைக்கவும் செய்தது. முறையிட ஒரு வாசல் இருந்ததால் கோபம் அரண்மனைமேல் பாயவில்லை. இன்னொரு வழியை, சாமித்தோப்பில் வாழ்ந்த சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் திறந்தார். தலைப்பாகை கட்ட உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்தார். சாமித்தோப்புப் பதிக்குள் ஆண்கள் இன்றும் அப்படித்தான் நுழைகிறார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இந்த வாசல் எவ்வளவு முக்கியம் என்று காட்ட டாக்காவையும் புதுக்கடையையும் பக்கத்தில் வைத்தால் போதும். 1952 பிப்ரவரி 21, அன்று பாகிஸ்தானில் இருந்த டாக்கா: வங்க மொழிக்காக ஊர்வலம் போன மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. 1954 ஆகஸ்ட் 11, நம் மாவட்டத்தின் மார்த்தாண்டம், புதுக்கடை: தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று திரண்டவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. இரண்டு இடத்திலும் மொழி, இரண்டு இடத்திலும் பிணம்.

அடுத்து நடந்ததில்தான் பாதை பிரிகிறது. இங்கே, திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுபிள்ளை பதவி விலகவேண்டும் என்று அவர் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே கேட்டார். தமிழ்நாட்டோடு சேரப் போராடிய நேசமணியின் இயக்கத்துக்குச் சட்டசபையில் ஆள் இருந்தது, மாநிலச் சீரமைப்பு ஆணையத்திடம் வழக்கு இருந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுக்கு வந்தன. அங்கே, பாகிஸ்தானின் 1956 அரசியல் சாசனம் வங்க மொழியை ஏற்றது, ஆனால் 1958-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1970 தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ வங்காளிகளின் கட்சியான அவாமி லீக் வென்றும் சபையைக் கூட்டவில்லை. 1971 மார்ச் 25 இரவு ராணுவம் டாக்காவில் இறங்கியது. வங்காளிச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். டிசம்பரில் வங்கதேசம் என்ற புது நாடு.

நான்கு தாலுகாவையும் ஒரு நாட்டின் பாதிக்கும் மேலான சனத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, இந்தியப் படையின் பங்கையும் மறைக்க முடியாது. இருந்தாலும் வாக்குப்பெட்டி மதிக்கப்பட்டிருந்தால் அந்த மார்ச் இரவு வந்திருக்காது என்றே நம்புகிறேன். இலங்கையிலும் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம்: அதிபர் ஓடினார், நாடாளுமன்றம் கூடி இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தது, 2024-ல் வாக்குச்சாவடியிலேயே ஆட்சி மாறியது. டாக்காவிலோ 2024 ஜனவரித் தேர்தலைப் பிரதான எதிர்க்கட்சி புறக்கணித்திருந்தது. ஜூலையில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று கூட்டம் நகருக்குள் வந்தபோது ராணுவம் சுடவில்லை. பிரதமர் ஹசீனா ஹெலிகாப்டர் ஏறினார்.