விண்டோஸ் ஃபைல் சர்வரை லினக்ஸுக்கு மாற்றி சில வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் ஃபைல் சர்வராக, அதாவது வீட்டில் எல்லோரும் ஃபைல்களை வைத்து எடுக்கும் பொது இடமாக ஓடின. கீழே அப்பா அறையில் ஒன்று, மாடியில் ஒன்று, இரண்டிலும் விண்டோஸ் 7. 2020 ஜனவரி 14-ம் தேதியோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றதும், இரண்டையும் சேர்த்து டெபியன் என்கிற லினக்ஸ் போட்ட ஒரே மெஷினாக்கினோம். விண்டோஸ் 10 போட்டாலே போதுமே என்று அப்போது பலரும் சொன்னார்கள். போட்டிருந்தால் 2025 அக்டோபர் 14-ல் அதன் வழக்கமான ஆதரவும் முடிந்து, எங்களுடைய நாலாம் தலைமுறை இன்டெல் பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்காமல், புது மெஷின் வாங்க வேண்டிய நிலைமை வந்திருக்கும். டெபியன் 10-ல் ஆரம்பித்த அதே பெட்டி 11, 12 என்று ஏறி இப்போது 13-ல் ஓடுகிறது, டேட்டா டிஸ்க்குகளை இதற்காகத் தொடவே இல்லை.

லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் லேப்டாப்புகளுக்குக் காட்டும் சம்பா என்கிற மென்பொருளைப் போட்டு ஷேர் (எல்லோரும் திறக்கும் பொது ஃபோல்டர்) திறப்பது ஒரு சாயங்கால வேலை. எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்கணும், எத்தனை காப்பி வேண்டும், யார் அழிக்கலாம் என்று முடிவு செய்யத்தான் நாள் பிடித்தது. டிஸ்க் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் இதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள் என்பதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்வது.

எங்கள் வீட்டில் போனால் திரும்பக் கிடைக்காதது அப்பாவின் வில்லுப்பாட்டுப் பதிவுகள். சுற்றுவட்டாரத்தில் அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேசட்டில் பதிந்தவை. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. சிடி தரத்தில் வேவ் ஃபைலாக ஏற்றினால் நிமிஷத்துக்கு 10 எம்பிக்குக் கொஞ்சம் மேல், 90 நிமிஷக் கேசட் ஒன்றுக்குச் சுமார் 950 எம்பி. ஃப்ளாக் (FLAC) என்கிற சுருக்கிய வடிவமாக மாற்றினால் தரம் துளியும் குறையாமல் ஏறக்குறைய பாதியாகிறது. இரண்டாவது வகை குடும்பப் போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், மதினியின் தையல் கடைக் கணக்கு. மூன்றாவது சினிமா, ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க்கின் காப்பி) மாதிரியானவை, போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் காலத்தில் இவை எல்லாமே இடம் இருந்த டிஸ்க்கில் கலந்து கிடந்தன.

இப்போது முதல் இரண்டு வகையும் 4 டிபி டிஸ்க் இரண்டை வைத்துச் செய்த இசட்எஃப்எஸ் (ZFS) என்கிற ஃபைல் சிஸ்டத்தின் மிரரில், அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவாக, இருக்கின்றன. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம், அதாவது டேட்டா மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண், எழுதிவைக்கிறது. ஒரு டிஸ்க்கில் ஒரு பிட் கெட்டுப்போனாலும் படிக்கும்போது கண்டுபிடித்து, மற்ற டிஸ்க்கில் இருக்கும் நல்ல காப்பியை எடுத்துச் சரிசெய்துவிடும். டெபியனில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தானாகவே ஸ்க்ரப் ஓடும், அதாவது யாரும் திறக்காத ஃபைலையும் அது படித்துப் பார்க்கும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத பதிவுகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். கொள்ளளவு கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 4 டிபி என்று விற்பது விண்டோஸில் 3.63 என்றுதான் தெரியும். அதிலும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது, ஆக கையில் நிற்பது 2.9 தான்.

மூன்றாவது வகைக்கு மிரர் வீண் செலவு. வீட்டில் கிடந்த வேறு வேறு அளவு டிஸ்க்குகளை மெர்ஜர்எஃப்எஸ் போட்டு ஒரே ஃபோல்டராகக் காட்டி, ஸ்னாப்ரெய்ட் என்கிற மென்பொருளால் பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட்டு எடுக்க உதவும் டேட்டா) எழுதுகிறேன். பாரிட்டி டிஸ்க் மட்டும் இருப்பதிலேயே பெரிய டேட்டா டிஸ்க் அளவுக்காவது இருக்கணும். இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி ஃபைல் சிஸ்டம் என்பதால் ஒன்றைக் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் அதில் உள்ளது அப்படியே படிக்க வரும். ஆனால் பாரிட்டி, ஸ்னாப்ரெய்டின் சிங்க் கட்டளை ஓடும்போதுதான் எழுதப்படும், அதனால் தினமும் மாறுகிற கடைக் கணக்கை இதில் வைக்கவே கூடாது.

மாற்றும்போது என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) டிஸ்க்குகளிலிருந்து ஆர்சிங்க் என்கிற காப்பி கருவியை வைத்துக் காப்பி செய்தேன். அப்பா ஃபைல் பெயரிலேயே ஊர், கோயில், பாடியவர், கதை, வருஷம் எல்லாம் தமிழில் எழுதிவைப்பார், அவற்றில் கொஞ்சம் காப்பி ஆகாமல் நின்றன. காரணம், விண்டோஸில் பெயருக்கு 255 குறியீடு வரை இடமுண்டு, லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களான இஎக்ஸ்டி4, இசட்எஃப்எஸ் இரண்டிலும் வழக்கமான எல்லை 255 பைட். யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் போகிறது, 'க்', 'கொ' மாதிரி எழுத்துகளுக்கு இரண்டு குறியீடு, ஆக ஐம்பது எழுத்தைத் தாண்டினாலே நெருக்கடிதான். தமிழில் பெயர் வைக்கிறவர்கள் காப்பிக்கு முன்னாலேயே நீளமானவற்றைத் தேடி எடுத்துவிடுங்கள். நாங்கள் பாடியவரையும் கதையையும் ஃப்ளாக் டேகுக்குள் (ஃபைலுக்கு உள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பு) எழுதிவிட்டுப் பெயரைச் சுருக்கினோம், இப்போது தேடுவதும் சுலபம். இன்னொன்று, ஆர்சிங்க் கடைசியாகத் திருத்திய தேதியைக் கொண்டுவரும், ஃபைல் உருவான தேதியைக் கொண்டுவராது. போட்டோக்களுக்கு உள்ளேயே எடுத்த தேதி இருப்பதால் பாதகமில்லை. எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் பழைய டிஸ்க்குகளை ரொம்ப காலம் அழிக்காமல் பீரோவில் வைத்திருந்தோம்.

வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று பழைய இசட் டிரைவ் எழுத்தையே எல்லா லேப்டாப்பிலும் வைத்தேன். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏல, இசட்டு திறக்குல்லா? அது போதும்." பாஸ்வேர்ட் இல்லாத ஷேர் வேண்டாம், புது விண்டோஸ் 11 அதைத் திறக்கவே தயங்குகிறது, ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிடுவதே நல்லது. சம்பா பாஸ்வேர்ட் லினக்ஸ் பாஸ்வேர்டிலிருந்து தனி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எங்கள் பழைய டிவி, விண்டோஸ் ஷேர்களைத் திறக்கும் நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 தவிர எதுவும் பேசாது. 2017-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான், அதனால் டிவிக்காக அதைத் திறக்காமல் ஜெல்லிஃபின் என்கிற மீடியா சர்வரைப் போட்டுக் கொடுத்தேன்.

நெட்வொர்க் ஷேரில் ஒரு ஃபைலை அழித்தால் அது விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். இது பலருக்குத் தெரிவதில்லை. மணிக்கொரு தடவை இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து, சம்பாவின் ஷேடோ காப்பி மாட்யூலில் காட்டிவிட்டால், ஃபோல்டரில் வலது கிளிக் செய்து பழைய நிலையை எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் மகன் ஒரு தடவை ஒரு கொடை ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டான், நான் ஊரில் இல்லை, அப்பாவே அப்படித் திரும்ப எடுத்துவிட்டார். இத்தனை வேலையும் எதற்கு என்று கேட்டால் அந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

மின்சாரம் பற்றியும் சொல்லணும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றால் காலையில் போவது பிற்பகலில்தான் வரும். இன்வெர்ட்டர் மட்டும் இருந்தால் மாறும் அந்த நொடியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். சின்ன யூபிஎஸ் ஒன்றை யூஎஸ்பியில் இணைத்து நட் என்கிற மென்பொருளைப் போட்டிருக்கிறேன், பேட்டரி இறங்கினால் ஒழுங்காக நிறுத்திவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் பரண் மேல் வைத்தால் டிஸ்க் சூடு ஏறுகிறது, தரைத்தளத்துக்கு இறக்கினால் வெள்ள பயம், அதனால் மாடிப்படி அலமாரியில் ஃபேனோடு வைத்தோம்.

வெள்ளம் என்று சும்மா சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் சித்தி வீட்டில் தரையில் இருந்த கம்ப்யூட்டரும் அதன் பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாக மூழ்கின. ஒரே அறையில் எத்தனை மிரர் இருந்தாலும் பேக்கப் ஆகாது என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் இரண்டாவது காப்பி தென்காசியில் அத்தான் வீட்டு மாடியில் இருக்கிறது. 50 எம்பிபிஎஸ் அப்லோடில் ஒரு டிபி அனுப்ப ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும் என்பதால், முதல் காப்பியை இங்கேயே எடுத்து டிஸ்க்கைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். இப்போது ராத்திரியில் அன்றைக்கு மாறியது மட்டும் ஒயர்கார்ட் என்கிற பாதுகாப்பான விபிஎன் இணைப்பு வழியாகப் போகிறது.

மிரர் 80 சதவீதத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து 8 டிபி டிஸ்க் இரண்டு, ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டும் மாறிய பிறகு கொள்ளளவு பெருகும்படி ஆட்டோஎக்ஸ்பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி எழுதும்) வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கணும், புது டிஸ்க்கை மிரரில் நிரப்பும் நேரத்தில் அந்த வகை ரொம்பவே இழுத்துவிடும்.