அம்மாவின் முழங்காலும் செட் மாத்திரையும்

லண்டனிலிருந்து இந்த முறை தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கிராமத்துக்குப் போனதே அம்மாவின் முழங்காலுக்காகத்தான். மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எழுபதை நெருங்கும் வயது, மாதவிடாய் நின்ற பிறகு ஏறிய எடை, இளமை முழுவதும் குனிந்தும் குத்துக்காலிட்டும் பார்த்த வயல் வேலை என்று இந்த நோய்க்கு வழிவிடும் எல்லாமே அம்மாவிடம் சேர்ந்திருந்தன. பாட்டிக்கும் இதே வலிதான்.

என்னைக் கலங்கடித்தது அம்மாவின் மாத்திரை டப்பா. கடைத்தெரு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய செட் மாத்திரைப் பொட்டலங்கள். காகிதத்தில் மடித்த நான்கு மாத்திரைகள். பெயரும் கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது. கடைக்காரரிடம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, பாராசிட்டமால், வயிற்றுப் புண் வராமலிருக்க ஒன்று. நான்காவது, பொடியளவு வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. "போட்டவுடனே வலி கேட்கும்மா, எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்" என்றார்.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அதற்கான மாத்திரையை, தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். டைக்ளோஃபினாக் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. நாள்பட விழுங்கினால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அரசு செலவழித்து இறக்கியதை இந்தப் பொட்டலம் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தது.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்றுதான் முதலில் கேட்டார். நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று, படிப்படியாகக் குறைக்கும் விதத்தை எழுதிக் கொடுத்தார். வலிக்கு, மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல். தோல் வழியாக ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பிரிட்டனிலும் முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் தருவது இந்த வகைப் பூச்சு மருந்தைத்தான்.

அதைவிடப் பெரிய உதவி, அதே திட்டத்தில் வீடு தேடி வந்த இயன்முறை மருத்துவர். லண்டனில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, "அம்மா, துண்டை நசுக்குகிற மாதிரி காலை அழுத்துங்கள், ஐந்து எண்ணும்வரை விடாதீர்கள்" என்றார். தொடைத் தசை இறுகுவதை அம்மாவின் கையாலேயே தொட்டுப் பார்க்க வைத்தார். "இவ்வளவுதானா தம்பி வைத்தியம்?" என்று அம்மா கேட்டார். தொடை பலப்பட்டால் மூட்டின் பாரம் குறையும், உடம்பில் ஒரு கிலோ இறங்கினாலே ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறையும் என்று பொறுமையாக விளக்கினார்.

தன்னார்வலரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: மாத்திரை கொடுக்கும்போது, வலிக்கு வேறென்ன வாங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்றும் விசாரியுங்கள். பக்கத்து வீட்டு அத்தையிடம் அப்போதே விசாரித்தார். அங்கேயும் அதே பொட்டலம்தான். அத்தையையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம்.