லாஜிடெக் இசட்906: 500 வாட்டை விடுங்கள், நடு ஸ்பீக்கரைக் கேளுங்கள்

ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கு, அதாவது அடி ஒலிக்கு, ஒரு சப்வூஃபர் பெட்டியும் கொண்ட 5.1 ஸ்பீக்கர் செட் இந்த இசட்906. இது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்கிற எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது அந்த 500 வாட்டைத்தான். நான் வாங்கியது அப்பாவுக்காக. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கம்ப்யூட்டரில் படம் ஓடும்போது பின்னணி இசை எழும்பினால் போதும், "என்னடா சொன்னான்?" என்று என் பக்கம் திரும்புவார், நான் வசனத்தைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.

சரி, அந்த 500ஐ முதலில் பார்த்துவிடுவோம். இது ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறன். சப்வூஃபருக்கு 165, மற்ற ஐந்துக்கும் தலா 67, கூட்டினால் கணக்கு சரியாக வருகிறது. பீக், அதாவது ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம், என்று 1000 போட்டிருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். கடைகளில் பிஎம்பிஓ என்று பல ஆயிரம் வாட் எழுதி விற்கும் செட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், அந்த பிஎம்பிஓவுக்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் அப்படி ஒரு செட்டின் அடாப்டரைக் கையில் வாங்கிப் பார்த்தேன், 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தது. அதாவது உள்ளே போவதே 36 வாட். அதற்கு மேல் தொடர்ந்து எப்படி வெளியே வரும்? ஸ்பீக்கர் வாங்கப் போனால் பெட்டியின் முகப்பைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் ஒட்டியிருக்கும் மின்சார லேபிளைப் பாருங்கள். இன்னொன்று, வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வால்யூமைப் பாதிக்கு மேல் நான் திருப்பியதே இல்லை.

இது 2011ல் வந்த மாடல். இதற்கு முந்தைய இசட்-5500ல் 10 அங்குல சப்வூஃபர் இருந்தது, இதில் 8 அங்குலம். ஒலித் தரத்துக்கான டிஎச்எக்ஸ் சான்றிதழ் இருக்கிறது, படங்களில் சரவுண்ட் ஒலியைச் சுருக்கி வைக்கும் டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் தானே பிரித்துக் கொடுக்கும். எச்டிஎம்ஐ கிடையாது, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் அட்மாஸ் கிடையாது. அது வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஆப்டிகல் கேபிள் ஒன்றைச் செருகிவிட்டால் ஐந்து ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பேசும் என்று நினைத்துவிடுகிறோம். ஆப்டிகல் வழியாக 5.1 போக வேண்டுமென்றால் அது டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கப்பட்டிருக்க வேண்டும், சுருக்காத பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான் போகும். டிவிடி படம் சரியாக வரும், கேம் ஆடும்போது பின்னால் வருகிற காலடிச் சத்தம் பின் ஸ்பீக்கரில் வராது. அதற்கு மதர்போர்டிலிருந்து பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஒயரையும் சப்வூஃபரின் பின்னால் உள்ள ஆறு சேனல் இன்புட்டில் செருக வேண்டும். பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும். அப்புறம் விண்டோஸில் சவுண்ட் செட்டிங்கில் போய் 5.1 என்று மாற்றி, அங்கேயே இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் இடத்திலிருந்து ஒலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பச்சை ஒயரை மட்டும் செருகிவிட்டு சரவுண்டே இல்லை என்று சொல்பவர்கள் ரொம்பப் பேர், ஸ்பீக்கர் மேல் குற்றமே இல்லை.

முதல் இரண்டு நாள் எனக்கும் ஏமாற்றம்தான். பாட்டு போட்டால் பாடுகிற குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது, பேஸும் மெலிந்திருந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் ஒரு இழையில் மட்டும் கோடு இருக்கும், அது சிவப்பு கிளிப்பா கறுப்பு கிளிப்பா என்பதை இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் இடது முன் ஸ்பீக்கரில் மட்டும் ஒரு முனையில் மாற்றிச் செருகியிருந்தேன். வலது கூம்பு முன்னால் தள்ளும்போது இடது கூம்பு பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கிளிப்பை அழுத்தி மாற்றிச் செருகியதும் பாடகர் வந்து மானிட்டருக்கு நேர் பின்னால் நின்றுவிட்டார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது நடு ஸ்பீக்கர். 5.1 ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி அதில்தான் வரும். மேசைமேல் வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான கன்சோலில் லெவல் பொத்தானை அழுத்தினால் நடு, பின், சப்வூஃபர் மூன்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். நடு ஸ்பீக்கரை மூன்று படி ஏற்றி, சப்வூஃபரை இரண்டு படி இறக்கி, அந்த நடு ஸ்பீக்கரை மேசை விளிம்பு வரை இழுத்து, அடியில் ரப்பர் துண்டு வைத்து அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி லேசாக நிமிர்த்தி வைத்தேன். மழைச் சத்தத்துக்குள் இரண்டு பேர் மெதுவாகப் பேசும் ஒரு காட்சி. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. இந்த விலைக்கு எனக்கு இது போதும்.

சப்வூஃபரை மூலையில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் டைல்ஸ் தரை, மூலையில் வைத்தபோது எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ஒரு சுருதியில் 'ம்ம்ம்' என்று ஊதிக்கொண்டிருந்தது, கீழ் வீட்டு அக்கா மேலே வந்து கேட்டுவிட்டார். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, அறை ஓரமாகத் தரைக்குக் குனிந்து நடந்து பாருங்கள், எங்கே பேஸ் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். எனக்கு மூலையிலிருந்து இரண்டரை அடி தள்ளி அமைந்தது. 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று போட்டிருக்கிறார்கள். பேஸ் கிட்டாரின் அடித் தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் பாட்டுக்கு அது தாராளம். பின் ஸ்பீக்கர்களை முதுகுக்கு நேர் பின்னால் வைக்காமல் காதுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கவாட்டிலும் வையுங்கள்.

பாட்டு மட்டும்தான் கேட்பேன் என்றால் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஐந்து ஸ்பீக்கரிலும் ஒலி எழுப்பும் கூம்பு, அதாவது டிரைவர், ஒன்றுதான், மேல் சுருதிகளுக்கான தனி ட்வீட்டர் இல்லை. வீணையில் மீட்டியவுடன் எழும் அந்தச் சின்னக் கூர்மை, ஜாலராவின் மினுமினுப்பு, இவை கொஞ்சம் மழுங்கித்தான் கேட்கின்றன. ஸ்டீரியோ பாட்டை ஐந்திலும் பரப்பும் 3டி மோடும் எனக்குப் பிடிக்கவில்லை, குரலில் ஒரு குகைத்தனம் வந்துவிடுகிறது, பாட்டுக்கு எப்போதும் முன் இரண்டு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மட்டும் ஒலிக்கும் 2.1ல்தான் வைக்கிறேன். அதே பணத்துக்கு ட்வீட்டர் வைத்த நல்ல ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கினால் கச்சேரி கேட்க இதைவிட நன்றாக இருக்கும். படமும் கேமும்தான் அதிகம், ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒயர் இழுக்க இடமும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ஒயரை வெட்டுவதற்கு முன் பின் சுவர் வரை ஒருமுறை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.