பேராதனைப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்குப் போகும் நம்மவர்கள் பலர், கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவை நுவரெலியா போகிற வழியில் ஒரு மணிநேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, 147 ஏக்கரில் விரிந்து கிடக்கிற இடம் அது. வயதானவர்களோடு போனால் பகல் முழுக்கத் தேவைப்படும்.

நான் அம்மாவோடு போனேன். கொழும்பில் பிடித்த வான் சாரதி வழியில் ஒரு தனியார் வாசனைத் திரவியத் தோட்டத்தில் நிறுத்தினார். கராம்பு, மிளகு, சாதிக்காய் என்று காட்டிக்கொண்டே வந்தவர்கள், கடைசியில் அம்மாவின் முழங்காலில் ஏதோ எண்ணெயைத் தடவிவிட்டு விலை சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலியோடு வருகிறவர்களிடம் இப்படியா வியாபாரம் செய்வது? அதே மரங்கள் பேராதனையில் வாசலுக்குக் கிட்டவே பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. யாரும் எதையும் விற்க வருவதில்லை.

நுழைவுச்சீட்டில் வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம், பல மடங்கு கூட. அம்மா இலங்கை அடையாள அட்டையைக் காட்டியதால் உள்ளூர்க் கட்டணம்தான் எடுத்தார்கள். அட்டை வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் கூடுதலாகக் கொடுத்ததில் வருத்தமில்லை, அந்த மரங்களைப் பராமரிக்க எவ்வளவு கொடுத்தாலும் தகும். நடக்க முடியாதவர்களுக்கு உள்ளே பேட்டரி வண்டி உண்டு, வாடகை தனி.

வண்டியிலிருந்து அம்மா முதலில் இறங்கியது நாகலிங்க மரத்தடியில். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட மரம் அது. பூ கிளை நுனியில் பூப்பதில்லை, அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. கீழே விழுந்து கிடந்த ஒன்றை அம்மா கையில் எடுத்து, சிவந்த இதழை விலக்கி, படம் விரித்த பாம்பும் அதன் கீழே லிங்கமும் போலிருந்ததை எனக்குக் காட்டினார். வாசனை கைவிரலில் வெகுநேரம் நின்றது. பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் தமிழ் கேட்டுத் திரும்பி, “வேரு மேல கால் வைக்காம பாத்து வாங்கம்மா” என்றார். அப்புறம் அவரும் அம்மாவும் ஊர்க்கதை தொடங்கிவிட்டார்கள்.

சீஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மரங்களையும் தவற விடாதீர்கள். உலகிலேயே கனமான விதை அதனுடையது. காய் முற்றவே ஆறேழு வருடம் ஆகும்.

அம்மா மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். இலங்கைக்கு வந்த முதல் தேயிலைச் செடியை, சீனாவிலிருந்து கொண்டுவந்து, 1824இல் நட்டது இந்தப் பூங்காவில்தான் என்று நான் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் முதல் தேயிலைப் பெருந்தோட்டம் போட்டது 1867இல். நம் பாட்டன் பூட்டன்களைக் கடல் கடக்க வைத்தது முதலில் கோப்பி, அப்புறம் இந்தச் செடி. மலையகத்துப் பிள்ளைகள் எந்த நாட்டில் வளர்ந்தாலும் இங்கே கட்டாயம் வர வேண்டும் என்பேன்.

பூங்கா பேராதனைப் பல்கலைக்கழகத்துடையது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இது அரசாங்கத்தின் தேசியத் தாவரவியல் பூங்காக்கள் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. பல்கலைக்கழக வளாகம் பூங்காவுக்குக் கிட்ட உள்ள கலஹா சந்தி பக்கத்திலேயே தொடங்குகிறது. நேரமிருந்தால் ஆட்டோ பிடித்து, அங்குள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கும் போய் வாருங்கள். கண்டிக்குத் திரும்பச் சந்தியிலேயே பஸ் கிடைக்கும், வான் தேவையில்லை.