மசினகுடிக்கு ஒரு நாள் டூர் புக் பண்ணப் போறீங்களா? எங்க 18,400 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டு அப்புறம் பண்ணுங்க

பெங்களூர்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்காக அவசரமா எழுதறேன். கோபம் இன்னும் ஆறல, முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்குங்க. வார இறுதி டூர்னு ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கிற ஒரு பக்கத்தை நம்பி மசினகுடிக்கு ஒரு நாள் பயணத்துக்கு 18,400 ரூபாய் கட்டினோம். போன ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வந்தோம். இல்ல, அலைஞ்சுட்டு வந்தோம். பேரைப் போடாதேன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொல்லியிருக்கார், அதனால போடல.

திருப்பத்தூர்ல இருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தாங்க. மாமாவுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை, தெப்பக்காடு முகாம்ல யானைக்குக் கவளம் ஊட்டுறதைப் பார்க்கணும். ராகி, கொள்ளு, வெல்லம்னு உருண்டை பிடிச்சு பாகன் வாய்க்குள்ளேயே வைப்பாங்களே, அதை டிவியில பார்த்துட்டு குழந்தை மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பார். நாத்தனாரும் அவ பையனும் ஓசூர்ல இருந்து வந்துட்டாங்க. நாங்க நாலு பேர். மொத்தம் எட்டு. கம்மனஹள்ளியில இருந்து மசினகுடி எப்படியும் 240, 250 கிலோமீட்டர் இருக்கும். முதுமலை தேசியப் பூங்காவை ஒட்டின சின்ன ஊர். எங்க கார்ல எட்டு பேர் அடங்காது. சரி, டூர்காரங்க கிட்டயே விட்டுடலாம்னு முடிவு பண்ணோம்.

தலைக்கு 2,300. காலை நாலு மணிக்கு வீட்டு வாசல்ல டெம்போ டிராவலர். எட்டரைக்குள்ள தெப்பக்காடு முகாம். அப்புறம் "கோர் ஜோன் ஜீப் சஃபாரி", அதாவது காட்டோட உள்பகுதிக்கே ஜீப்ல போறதாம். மதியம் நீச்சல் குளம் வெச்ச ரிசார்ட்ல சாப்பாடு. ராத்திரி ஒன்பதுக்கு முன்னாடி காட்டை விட்டு வெளியே. படிக்க எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க.

நாங்க எங்கே விழுந்தோம்னு சொல்றேன். 5,000 அட்வான்ஸ் கேட்டப்போ வீட்டுக்காரர் யோசிச்சார். உடனே அந்தப் பக்கத்தை நடத்துற ஆள் போன் பண்ணான். "சிஸ்டர், நானும் திருப்பத்தூர் பக்கம், வாணியம்பாடிதான். நம்ம ஜனங்களை ஏமாத்திட்டு நான் எங்கே போய் சோறு திங்க?" மாமா கிட்ட போனைக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன். கால் மணி நேரம் பேசினாங்க. ஏலகிரி, ஜவ்வாது மலை, அந்தப் பக்கத்து மாங்காய் மண்டி, எல்லாம் பேசினான். மாமாவுக்கு முழங்கால் வலின்னு தெரிஞ்சதும், "ஐயாவுக்கு முன் சீட் நான் ஒதுக்கி வைக்கிறேன், காலை நீட்டிக்கிட்டு வரலாம்"னான். போனை வெச்சுட்டு மாமா சொன்னார், "நல்ல பையன்மா". பணத்தை வாங்கிக்கிட்டது கூடப் போகட்டும், எழுபது வயசு மனுஷன் வாயால அந்த வார்த்தையையும் வாங்கினானே, அதுதான் எனக்குத் தாங்கல.

சனிக்கிழமை ராத்திரி மறுபடியும் போன். "ஃபாரஸ்ட் பர்மிஷனுக்கு இன்னைக்கே கட்டணும் சிஸ்டர், இல்லன்னா சீட் வேற பார்ட்டிக்குப் போயிடும்." மீதி 13,400 அனுப்பினோம். பச்சை சீல் எல்லாம் வெச்சு ஒரு ரசீது வந்துச்சு. அதுல "இ-பாஸ் கட்டணம் 800"ன்னு ஒரு வரி. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

நாலு மணிக்கு வர வேண்டிய வண்டி ஏழு மணிக்கு வந்துச்சு. அஞ்சு மணியில இருந்து நாங்க போன் போட்டுக்கிட்டே இருந்தோம், "ஹெப்பாள்ல இருக்கான்", "டீசல் போடறான்", அப்புறம் எடுக்கவே இல்ல. முன் சீட்ல ஒரு ஸ்டெப்னி டயர், அது உருளாம இருக்க நைலான் கயிறு போட்டு சீட்டோட சேர்த்துக் கட்டியிருந்தாங்க. மாமா பின்னாடி ஏறி, முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். டிரைவர் தம்பி கிட்ட கேட்டா, "என்கிட்ட மசினகுடி டிராப் அண்ட் ரிட்டர்ன்னு மட்டும்தான் சொன்னாங்கக்கா. சஃபாரி, சாப்பாடெல்லாம் எனக்குத் தெரியாது." அது மட்டுமில்ல. அவனுக்கு வாடகையில பாதி கூட வரல. டீசலுக்கும் தமிழ்நாட்டு பர்மிட்டுக்கும் 3,500 ரூபாய் எங்க கிட்ட வாங்கிக்கச் சொல்லி மெசேஜ் வந்திருந்துச்சு. காட்டினான், நானே படிச்சேன். "கஸ்டமர் கொடுப்பாங்க, கவலைப்படாதே." அந்த 3,500ஐ நான் 18,400ல சேர்க்கல, அது தனி. டிரைவர் மேல எனக்குக் கோபம் இல்ல, அவனும் ஏமாந்தவன்தான்.

மைசூர், நஞ்சன்கூடு தாண்டி குண்டலுப்பேட்டையில தோசை சாப்பிடும்போதே பதினொண்ணே கால். காலை டிபன் பேக்கேஜ்ல உண்டுன்னு சொல்லியிருந்தான், அதையும் எங்க காசுலதான் சாப்பிட்டோம்.

பந்திப்பூர் தாண்டி தமிழ்நாட்டு எல்லை, கக்கநல்லா செக்போஸ்ட். நீலகிரி மாவட்டத்துக்குள்ள வெளி வண்டி எது போனாலும் இ-பாஸ் வேணும். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7ல இருந்து அமல்ல இருக்கு. ஊட்டிக்கு மட்டும்தான்னு நிறைய பேர் நினைக்கறாங்க, மசினகுடியும் அதே மாவட்டம்தான். எங்க வண்டிக்கு இ-பாஸ் இல்ல. ரசீதைக் காட்டினேன். அங்கே இருந்தவர் அதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தார். "இ-பாஸுக்குக் காசே கிடையாதும்மா. ஃப்ரீ. யாருக்குக் கொடுத்தீங்க 800?" வண்டியை ஓரங்கட்டி, சிக்னல் வந்து வந்து போக, நாத்தனார் பையன்தான் போன்ல பதிவு பண்ணான். ஒரு பைசா செலவில்ல. பின்னாடி வண்டி ஹாரன் அடிக்க, வெயில்ல நின்னு, என் காசு எவ்வளவு சுலபமா போச்சுன்னு அங்கேதான் முதல்ல புரிஞ்சுது.

தெப்பக்காட்டுல இடது பக்கம் திரும்பி மசினகுடி. மணி ஒண்ணரை தாண்டிடுச்சு. ரிசார்ட் லொகேஷன் பொக்காபுரம் ரோட்டுல ஒரு இடத்துல போய் நின்னுச்சு. இரும்பு கேட், பூட்டு. பூட்டு மேல துணி சுத்தி சீல் வெச்ச அடையாளம், துணி மக்கிப் போயிருக்கு. கேட்டுக்கு உள்ளே உண்ணிச்செடி இடுப்பளவு. மதில் சுவர்ல ஒரு யானை ஓவியம், தும்பிக்கை பாதி உரிஞ்சு விழுந்திருக்கு. அந்த ஓவியத்தைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அவன் அனுப்பின போட்டோவுல, நீச்சல் குளத்துக்குப் பின்னாடி, இதே யானைதான் பளபளன்னு இருந்துச்சு.

டீக்கடைக்காரர் ஒருத்தர் சொன்னார், "அது பூட்டி வருஷக்கணக்காச்சு, கோர்ட் ஆர்டர்." மசினகுடி இருக்கிற சீகூர் பீடபூமியில, யானைங்க போற பாதையில ரிசார்ட் கட்டினதைப் பத்தி ஒரு வழக்கு நடந்துச்சு. 2018ல உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் இந்தப் பக்கம் ரிசார்ட்டுகளுக்கு சீல் வெச்சாங்க, 2020 அக்டோபர்ல யானை வழித்தடம்னு அரசு அறிவிச்சது செல்லுபடியாகும்னு தீர்ப்பே வந்துச்சு. இணையத்துல பழைய போட்டோக்கள் மட்டும் அப்படியே கிடக்கு. அதை எடுத்து விளம்பரம் போட எவனுக்கும் முதலீடு தேவையில்ல. "மாசத்துக்கு ஒரு குடும்பமாவது இந்த கேட் முன்னாடி வந்து நிக்குதும்மா"ன்னார் அவர். அவர் கடையிலயே முட்டை போண்டாவும் டீயும் சாப்பிட்டோம். அதுதான் எங்க "பஃபே லஞ்ச்".

இதுக்கு நடுவுல அந்த ஆள் போன் எடுத்தான். எடுத்தான்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க! "அய்யோ சிஸ்டர், ரிசார்ட்ல மெயின்டெனன்ஸ். ஜீப் அனுப்பறேன், சஃபாரி முடிச்சுட்டு வாங்க." வந்த ஜீப்காரர் தலைக்கு 500 தனியா கேட்டார். எங்கே கூட்டிட்டுப் போவீங்கன்னு கேட்டா மாயாறு ரோடு, சிங்காரா ரோடு. அது ஊர்க்காரங்க பஸ்ல போற ரோடு சார்! காட்டுக்குள்ள போற சஃபாரி வனத்துறை நடத்துறது, தெப்பக்காட்டுலதான் டிக்கெட். "கோர் ஜோன்"ல தனியார் ஜீப்பை யாரும் விடப் போறதில்ல. அப்புறம் டீக்கடைக்காரர் கிட்ட இன்னொண்ணும் காட்டினேன். "போனஸா ஊட்டி போயிட்டு கல்லட்டி வழியா இறங்கி மசினகுடி வந்துடலாம்"னு அவன் மெசேஜ் போட்டிருந்தான். அவர் சிரிச்சுட்டார். 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டியை அதுல இறங்கவே விடமாட்டாங்களாம்.

அந்த ஆள் கிட்ட வண்டி இல்ல, ரிசார்ட் இல்ல, சஃபாரி இல்ல, பாஸ் இல்ல. ஒரு போன் மட்டும்தான் இருந்துச்சு. அதை வெச்சு 18,400.

தெப்பக்காடு திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், சஃபாரி வரிசையில எங்க முறை வர்றதுக்குள்ள டிக்கெட் தீர்ந்துடுச்சு. சாயங்காலம் அஞ்சரை வாக்குல யானைக்குத் தீவனம் உண்டு, இருந்து பார்த்துட்டுப் போகலாம்னு கெஞ்சினேன். டிரைவர் முடியவே முடியாதுன்னுட்டான். ராத்திரி ஒன்பதுல இருந்து காலை ஆறு வரைக்கும் பந்திப்பூர் ரோட்டை மூடிடுவாங்க, 2009ல இருந்து இதுதான் நடைமுறை. நேரம் தாராளமா இருந்துச்சு, ஆனா மைசூர்ல வேற ஒரு பார்ட்டியை ஏத்தணும்னு இவனுக்கு உத்தரவு. யார் போட்ட உத்தரவுன்னு சொல்லத் தேவையில்ல. மாமா பார்த்தது புள்ளிமானும் கருங்குரங்கும்தான். "பரவாயில்லம்மா, காட்டுக் காத்து கிடைச்சுது"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

திங்கட்கிழமையில இருந்து நடக்கிறதுதான் இதை விட மோசம். முதல்ல, "நீங்க லேட்டா கிளம்பினதால ஷெட்யூல் மாறிடுச்சு மேடம்." சிஸ்டர் மேடம் ஆயிட்டேன், கவனிச்சீங்களா? வண்டி ஏழு மணிக்கு வந்த போட்டோ அனுப்பினேன். உடனே "அக்கவுண்ட்ஸ் டீம் பார்ப்பாங்க". அக்கவுண்ட்ஸ் டீம் நம்பர்னு ஒண்ணு கொடுத்தான். பேசினா அதே குரல், இந்த முறை கன்னடத்துல. அப்புறம் ரீஃபண்டுக்கு ஏழு வேலை நாள். அப்புறம் ரீஃபண்ட் இல்ல, குடகு டிரிப்ல 18,400க்கு கழிவு தர்றாங்களாம். மேல 6,000 கட்டினா போதுமாம்! வீட்டுக்காரர் பேசினதும் பிளாக். நாத்தனார் நம்பர்ல இருந்து போட்டோம், எடுத்தான், குரல் கேட்டதும் வெச்சுட்டான். அவனோட டூர் பக்கத்துல கமெண்ட் போட்டேன், அஞ்சு நிமிஷத்துல காணோம். கீழே இருக்கிற "சூப்பர் டிரிப் ப்ரோ" கமெண்டுகள் மட்டும் பத்திரமா இருக்கு.

பேங்க்ல, நீங்களே பின் போட்டு அனுப்பின பணம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. ஸ்டேஷன்ல, "வண்டி வந்துச்சில்ல, போயிட்டு வந்தீங்கல்ல? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க." வண்டி அனுப்பினதே அதுக்காகத்தான்னு எனக்கு இப்போ தோணுது. வண்டி வரலன்னா மோசடி, வந்துட்டா சர்வீஸ் குறைபாடு. நல்லா கத்து வெச்சிருக்கான். ஏன் மொத்தப் பணத்தையும் முன்னாடியே கொடுத்தேன்னு கேட்கப் போறவங்களுக்கு: ரெண்டு தவணையாத்தான் கொடுத்தோம், ரசீது வாங்கினோம், பேசினோம், எல்லாம் பண்ணோம். கேள்வியை அவன் கிட்ட கேளுங்க.

என்னென்ன கவனிக்கணும்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், பொண்ணு ஸ்கூல் பஸ் வர்ற நேரம் ஆச்சு. சுருக்கமா:

இ-பாஸ் இலவசம், அரசு இணையதளத்துல நீங்களே எடுங்க, காசு கேட்டாலே திருடன். சஃபாரியை வனத்துறை கிட்ட நேரா பாருங்க. ரிசார்ட் பேரைச் சொன்னா மசினகுடியில ஒரு கடைக்காவது போன் போட்டு, திறந்திருக்கான்னு கேளுங்க. வண்டி நம்பரும் டிரைவர் நம்பரும் வராம மீதிப் பணம் கூடாது. பணம் போயிட்டா அன்னைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்க, தாமதிக்காதீங்க. நுகர்வோர் புகாருக்கு 1915. நான் ரெண்டுலயும் போட்டிருக்கேன், புகார் எண் வந்திருக்கு, வேற எதுவும் வரல.

இன்னைக்குக் காலையில அந்தப் பக்கத்துல புது ரீல். வர்ற சனிக்கிழமை மசினகுடி, "நாலு சீட் மட்டுமே", அதே யானை ஓவியம், அதே நீச்சல் குளம். அட்வான்ஸ் கட்டினவங்க யாராவது இதைப் படிச்சா, மீதியைக் கட்டாதீங்க. எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ரசீதை அனுப்பறேன், ஒப்பிட்டுப் பாருங்க.