கோட்ரன்னரில் நிரல் பயிற்சிகளைத் திருத்துதல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

முதலாண்டு மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழியைக் கற்பிக்கும் வகுப்புகளில், மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்துடன் இணைந்து இயங்கி, மாணவர் எழுதும் நிரல்களை ஓட்டித் திருத்தும் கோட்ரன்னர் என்ற கட்டற்ற மென்பொருளைப் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இது நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவானது. இயந்திரமே நிரலைத் திருத்துவது புதிய எண்ணம் அன்று. துளையட்டைகளில் எழுதப்பட்ட மாணவர் நிரல்களுக்கான தானியங்கித் திருத்தியைப் பற்றி ஹாலிங்ஸ்வொர்த் என்பவர் 1960-இலேயே ஆய்விதழில் எழுதியிருக்கிறார்.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாணவரின் நிரல் ஜோப் என்ற தனிச் சர்வரில் ஓடுகிறது. முடிவில்லாத லூப் ஒன்றை யாராவது எழுதிவிட்டாலும் நேர வரம்பும் நினைவக வரம்பும் அதை நிறுத்திவிடும். அந்தச் சர்வரை மூடில் இருக்கும் கணினியிலேயே வைக்காமல் வேறு கணினியில் வைப்பதே பாதுகாப்பு.

ஆசிரியரின் உழைப்பு முழுவதும் டெஸ்ட் கேஸ்களை, அதாவது ஓர் உள்ளீட்டையும் அதற்கு வர வேண்டிய விடையையும் கொண்ட சோதனைகளை, எழுதுவதில்தான் இருக்கிறது. ஒரு பட்டியலில் உள்ள மிகப்பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் எளிய பயிற்சியை எடுத்துக்கொள்வோம். தொடக்க மதிப்பைச் சுழியம் என்று வைத்து எழுதிய நிரல், நேர்ம எண்கள் மட்டும் உள்ள எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். எல்லாமே எதிர்ம எண்களாக உள்ள ஒரு பட்டியலைக் கொடுத்தால்தான் பிழை வெளிப்படும். அந்தச் சோதனையை அப்படியே காட்டினால், சில மாணவர்கள் அந்த ஓர் உள்ளீட்டுக்கு மட்டும் விடை தரும் வரியைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முழுவதும் மறைத்துவிட்டாலோ, எங்கே தவறியது என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கற்றல் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, திருத்தும் முறையை டெம்ப்ளேட்டில் (மாணவரின் விடையைச் சோதனைகளோடு சேர்த்து ஓட்டும் வார்ப்பு நிரலில்) நாமே எழுதிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தி, தவறிய சோதனையின் உள்ளீட்டைக் காட்டாமல், "சுழியத்தைவிடச் சிறிய எண்கள் மட்டுமே இருந்தால் உங்கள் நிரல் என்ன செய்யும்?" என்பது போன்ற ஒரு கேள்வியை மட்டும் காட்டுகிறேன். இதற்குக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதன் பிறகு மாணவர்கள் ஆய்வகத்தில் கேட்கும் கேள்விகளின் தரமே உயர்ந்துவிட்டது.

வெளியீட்டை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். வரியின் கடைசியில் இருக்கும் வெற்றிடங்களை மென்பொருளே பொருட்படுத்துவதில்லை. பின்ன எண்களில்தான் சிக்கல்: 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று அச்சிடும். சரியான நிரலே ஆனாலும், கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறக்கூடும் என்பதால், விடைக்கும் எதிர்பார்த்த மதிப்புக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியதா என்று பார்க்கும்படி சோதனையை அமைப்பதே நியாயமானது.

எல்லாச் சோதனைகளிலும் தேறினால் மட்டுமே மதிப்பெண் என்பது இயல்பான அமைப்பு. சிறிய பயிற்சிகளுக்கு அது பொருந்துகிறது, ஏனெனில் பாதி உள்ளீடுகளுக்கு மட்டும் சரியான விடை தரும் நிரலைப் பாதி சரியானது என்று சொல்லிவிட முடியாது. தேர்வில் வரும் நீண்ட வினாக்களுக்கு மட்டும் அதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் தனி மதிப்பெண் தருகிறேன். தவறாக அனுப்பும் ஒவ்வொரு முறைக்கும் மதிப்பெண் குறையும் ஏற்பாட்டில் முதல் இரண்டு தவறுகளுக்கு விலக்கு அளிப்பது நல்லது. எழுத்துப்பிழைக்காக எவரும் மதிப்பெண் இழக்கக் கூடாது.

மாறிகளின் பெயர்கள் பொருளுள்ளவையா, நிரல் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கிறதா என்பதையெல்லாம் டெஸ்ட் கேஸ்கள் சொல்லாது. ஆதலால் ஒவ்வொரு பயிற்சியிலும் சில விடைகளை நானே படித்துக் குறிப்பு எழுதுகிறேன். நகலெடுப்பைக் கண்டறிய விடைகளைப் பதிவிறக்கி ஜேபிளாக் போன்ற தனிக் கருவியில் ஒப்பிட வேண்டும்.

ஒரு வினாவை மாணவர்களுக்குத் திறந்துவிடுவதற்கு முன், சரியான விடையோடு, வேண்டுமென்றே பிழையாக எழுதிய சில விடைகளையும் ஓட்டிப் பார்ப்பது மிகுந்த பயன் தருகிறது; பிழையான விடை தேறிவிட்டால் சோதனைகள் போதவில்லை என்று பொருள். தேர்வு முடிந்த பிறகு அத்தகைய இடைவெளி தெரிய வந்தால், புதிய சோதனையைச் சேர்த்து அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்கிறேன். மறுமதிப்பீடு செய்யும் வசதி மூடிலில் இருந்தாலும், முன்பே வழங்கிய மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு அதைப் பயன்படுத்துவதில்லை.