குளோரோஸ்கோப்: மஞ்சள் கிட்டா, இளஞ்சிவப்பு கிட்டா?

குழாய்த் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் கிட்தான் குளோரோஸ்கோப். அதில் இரண்டு வகை கிடைக்கிறது. சொட்டு விட்டதும் மஞ்சளாகும் ஆர்த்தோடொலுடின் கிட் ஒன்று, இளஞ்சிவப்பாகும் டிபிடி கிட் இன்னொன்று. ஊராட்சி டேங்க் ஆபரேட்டர்கள் கையில் நெடுங்காலமாகப் புழங்குவது மஞ்சள் கிட்தான். விலை குறைவு, பார்ப்பதும் சுலபம். ஆனாலும் வீட்டுக்கோ அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ புதிதாக வாங்குகிறவர்கள் டிபிடியையே வாங்க வேண்டும் என்போம்.

முதல் காரணம் அந்தக் குப்பியில் இருப்பது. ஆர்த்தோடொலுடின் பென்சிடின் குடும்பத்து ரசாயனம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகுத்துள்ள 2பி பிரிவில் அது இருக்கிறது. கரைசல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தயாராவதால் தோலையும் கண்ணையும் அரிக்கும். கட்டைவிரலால் சோதனைக் குழாயின் வாயை மூடிக் குலுக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதை இன்றே விட வேண்டும். மூடி போட்டுத்தான் குலுக்க வேண்டும், கையுறையும் வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் வைத்திருக்கும் அலமாரியில் இந்தக் குப்பியை வைக்கக் கூடாது. அமிலமும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றவே கூடாது.

இரண்டாவது காரணம் கணக்கு. கிருமியை விரைந்து கொல்வது எதனோடும் சேராமல் நிற்கும் தனிக் குளோரின். அம்மோனியாவோடு சேர்ந்துவிட்ட குளோரமினுக்கு அந்த வேகம் கிடையாது. ஆர்த்தோடொலுடின் விட்ட 10 விநாடிக்குள் பார்த்தால் தனிக் குளோரின், சில நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தது என்பது விதி. தண்ணீர் சில்லென்று இருக்கும் ஊரில் இது சரிப்படும். நம் ஊர்க் கோடையில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் குளோரமினும் அவசரமாக மஞ்சளாகிவிடும். நைட்ரைட், இரும்பு, மாங்கனீசு இருந்தாலும் மஞ்சள் ஏறும். ஆக, சாக்கடை கலந்த தண்ணீர்கூட "குளோரின் இருக்கிறது" என்று காட்டக்கூடும். இந்தக் கிட்டின் பெரிய குறை இதுதான்.

டிபிடியில் 10 மி.லி. தண்ணீருக்கு ஒரு மாத்திரை அல்லது ஒரு பொட்டலம் தூள். 1 என்று எண்ணிட்ட மாத்திரை தனிக் குளோரினைக் காட்டும், 3 என்று எண்ணிட்டதையும் அதோடு சேர்த்தால் குளோரமினும் சேர்ந்த மொத்தக் குளோரின் தெரியும். குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டு, சோதனைக் குழாயை அதே தண்ணீரில் கழுவி, கோடு வரை நிரப்ப வேண்டும். மாத்திரையை விரல் படாமல் உள்ளே போட்டு நசுக்கிக் கரைத்து, உடனே நிறத்தை ஒப்பிட வேண்டும். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நேர் வெயில் வேண்டாம். ஈரம் பட்ட மாத்திரை குறைவாகக் காட்டும். உறை கிழிந்திருந்தால் வீசிவிடுங்கள்.

டிபிடிக்கும் ஒரு பொறி உண்டு. வெள்ளத்துக்குப் பின் அளவுக்கு மீறி மருந்து போட்ட கிணற்று நீரில் இளஞ்சிவப்பு ஒரு கணம் தோன்றி வெளுத்துப்போகும். பார்ப்பவர் பூஜ்யம் என்று எழுதிவிட்டு இன்னும் கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் போடுவார்! சந்தேகம் வந்தால் ஒரு பங்குத் தண்ணீரோடு குளோரின் இல்லாத தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து சோதித்து, வந்த அளவைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது நிற அட்டையைக் கவனியுங்கள். லிட்டருக்கு இத்தனை மி.கி. என்ற கணக்கில் 0.2, 0.5, 1, 2 என்று படிகள் இருக்க வேண்டும். நீச்சல் குளத்துக்கான கிட்கள் பெரும்பாலும் 0.5-க்குக் கீழே எதுவும் காட்டாது. குடிநீருக்கு அவை உதவாது. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 0.2 மி.கி. தனிக் குளோரினாவது இருக்க வேண்டும். வைரஸ் தொற்றைத் தடுக்க வேண்டிய இடத்தில் 0.5. அந்த 0.2 தெரு முனைக் கடைசிக் குழாயில் இருக்க வேண்டியது, தொட்டியில் அல்ல. தொட்டியில் 1 காட்டி, கடைசிக் குழாயில் பூஜ்யம் காட்டினால் வழியில் எதுவோ குளோரினைத் தின்கிறது. குழாய்க்குள் படிந்த கிருமிப் படலமாக இருக்கலாம், சாக்கடைக் கசிவாகவும் இருக்கலாம். கிருமிப் பரிசோதனை முடிவு வர ஒரு நாளுக்கு மேலாகும். இந்த எச்சரிக்கை ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது. கிட்டுக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

தொட்டியிலேயே பூஜ்யம் என்றால் பவுடரைச் சந்தேகியுங்கள். புதிதாக இருக்கையில் அதில் சுமார் 33 சதவீதம் குளோரின்; மூட்டையைத் திறந்து வைத்தால் வேகமாக இறங்கும். 25 சதவீதப் பவுடர் என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு 8 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மி.கி. சேரும். வாளியில் குழைத்துத் தண்ணீர் சேர்த்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். சுண்ணாம்பு வண்டலும் உள்ளே போனால் காரத்தன்மை கூடும், குளோரினின் கொல்லும் திறன் குறையும். அரை மணி நேரம் கழித்துச் சோதியுங்கள்.

நிறம் சரியாக வந்தாலும் எல்லாக் கிருமியும் செத்துவிட்டது என்று பொருளில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இந்த அளவுக் குளோரினுக்கு அசையாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் கலந்த குழாய் நீரைக் குடித்தே சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். கலங்கல் தண்ணீரை வடிகட்டாமல் மருந்தை மட்டும் கூட்டினால், மட்கிய இலைதழைப் பொருளோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற வேண்டாத ரசாயனங்களும் உண்டாகும். ஆகவே முதலில் வடிகட்டல், பிறகு மருந்து, அதன்பின் கிட்.

ஏற்கெனவே மஞ்சள் கிட் வைத்திருப்பவர்கள் குப்பியில் இருக்கும் கரைசல் தீரும்வரை கையுறையோடு பயன்படுத்தலாம். குழந்தைகள் கை எட்டும் வீட்டில் அதுவும் வேண்டாம்.